தூக்காத, தொங்கு

கோமளேஸ்வரியை முகம் பார்த்து அறியாதவர்களும் ஆரையம்பதியில் அவளுடைய கையை அறிவார்கள். சந்தியிலுள்ள இரண்டு தேநீர்க் கடைகளுக்கும் காலையில் போகிற இடியப்பம் அவள் பிழிந்தது. இருபத்தைந்து வருடமாகப் பிழிகிறாள். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு, கட்டின புருஷனை ஒரு பக்கம் புரட்டிப் போட முடியாமல் அவள் தவித்த நாட்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

புருஷன் உதயரூபன் நெல் மில் பொருத்துகிறவர். வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில், எந்த ஊரில் புது மில் வந்தாலும் எஞ்சினை இறக்கி மேடையில் ஏற்றி, பெல்ட் மாட்டி ஓடவிட்டுக் கொடுப்பது அவர்தான். கிரேன் போக வழியில்லாத வயல் வட்டை ஓரங்களில், அலவாங்கு என்கிற இரும்புக் கடப்பாரை ஒன்றையும் கொஞ்சம் பலகைத் துண்டுகளையும் வைத்தே அரைத் தொன் எஞ்சினைக் குழந்தையைத் தூக்கி இருத்துவதுபோல இருத்திவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு மில் கூரையில் தகரம் உடைந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, நெருப்பு வைத்தாலும் தெரியாது.

முதல் ஆறு மாதம் அயலட்டையில் ஆளுக்கு ஆள் வந்து தூக்கினார்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, அதுதான் நடந்தது. யாரையும் குறை சொல்லவும் முடியாது. அவரவருக்குக் கடலும் வாவியும் கடையும் இருக்கிறது. ஒரே மகள் ஆர்த்திகா கட்டாரில் வேலை. பிறகு கோமளம் தனியாகவே தூக்கினாள். ஒன்றரை வருடம் தூக்கினாள். ஒருநாள் தூக்கின தூக்கில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அன்றிலிருந்து குனிந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்தாலும் கண்ணில் பூச்சி பறக்கும்.

தூக்க ஆளில்லாமல் அவர் கிடந்த கிடையில் மூன்று வாரத்தில் இடுப்பின் பின்பக்கம் புண் வந்தது. ஐம்பது சத நாணயமாக இருந்தது உள்ளங்கையாக விரிந்தது. மருந்து கட்ட வருகிற நர்ஸ் மிஸி ஒரு செவ்வாய்க்கிழமை அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, கோமளத்தைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, மருந்தில ஒண்டும் இல்ல. அந்த இடம் மெத்தையில படக்கூடா. ஒரு நாளைக்கு நாலு தரமாவது ஆளைக் கிளப்பிப் பிடிக்கணும். அடுத்த கிழமை வருவன். எலும்பு தெரிஞ்சுதெண்டா நான் வச்சிருக்கமாட்டன், பெரியாஸ்பத்திரிக்குத்தான். அங்க போனா..."

"போனா?"

"கிருமி ரத்தத்தில ஏறிட்டா திரும்பி வருவார் எண்டு என்னால சொல்லேலா அக்கா. வெளிநாட்டில இதுக்கெண்டே ஆளைத் தூக்கிற மெசின் இரிக்கு. நமக்கு எங்க?"

குசினிக்கும் அறைக்கும் நடுவே ஒரு சீலைதான் தொங்கியது. உதயரூபனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மிஸி போனதும் அவர் கேட்டார். "என்ட செயின் புளொக் எங்க கிடக்கு?"

சங்கிலியை இழுத்தால் கொக்கி மேலே ஏறும் அந்தக் கப்பி கோழிக்கூட்டின் மேல் சாக்குக்குள் கிடந்தது. அதை மாட்டக் கூரை வேண்டுமே. சுனாமிக்குப் பிறகு வாவிக்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்த திட்ட வீடு அது. கூரையைத் தாங்குகிற குறுக்குத் தீராந்தி தலைக்கு மேல் எட்டித் தொடும் உயரம், அதுவும் கறையான் தின்ற மரம். ஒரு பூனை நடந்தாலே மண் கொட்டும். ஆகவே உதயரூபன் படுத்தபடியே ஒரு கணக்குப் போட்டார். கட்டிலுக்கு இந்தப்பக்கம் ஓர் இரும்புக் கால், அந்தப்பக்கம் ஓர் இரும்புக் கால், இரண்டுக்கும் மேல் குறுக்கே இரும்புத் தீராந்தி, அதில் செயின் புளொக். காத்தான்குடியில் இரும்புக் கேற் அடிக்கிற ஜிப்ரியைக் கூப்பிட்டார்கள். அவன் கால்களை ஒட்டிக் கொண்டுவந்து இறக்கினபோது அயலில் பார்த்தவர்கள் "என்ன மாமி, வீட்டுக்குள்ள கோல்போஸ்ட்டா?" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்குக் கோல்போஸ்ட் என்றே பெயர். ஜிப்ரியின் பெண்சாதி ஸஹீதா நெல்லுக் காயவைக்கிற படங்கை வெட்டி, ஆளைத் தாங்குகிற தொட்டில் ஒன்று இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

தீராந்திக்கு ஜிப்ரி குழாய் போதும் என்றான். உதயரூபன் கேட்கவில்லை. "குழாய் நடுவில வளையும்" என்று பழைய மில்லொன்றிலிருந்து பத்தடி இரும்பு வரவழைத்தார். எழுபது கிலோ. அரைத் தொன் எஞ்சின் தூக்கின மனிசனுக்கு எதையும் லேசாகச் செய்யத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுப் பிரதீஸும் அவன் மச்சானும் அதைத் தோளில் கொண்டுவந்து அறைக்குள் நுழைத்தார்கள். அறை பத்தடிக்குப் பதினொன்று. நடுவில் கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, இரும்புக் காலும் சாமான்களும் போக, ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நிற்கலாம். தலைக்கு மேல் உயர்த்தும்போது மச்சானின் கை வழுக்கியது. இரும்பு சுவரில் இடித்து, சாந்தைப் பெயர்த்துக்கொண்டு, உதயரூபனின் தலையணை ஓரமாக விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் புண்ணைப் பற்றிய கவலை அன்றோடு தீர்ந்திருக்கும்.

பிரதீஸ் இரும்பைத் தலையணையிலிருந்து தள்ளிவைத்தான். "மாமா, இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாறன்."

"வேணாம் மனே. நீ கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் மெத்தை உயரத்துக்குக் கல்லை அடுக்கி, இரும்பிட ஒரு முனையை அதில வச்சிட்டுப் போ. மர ஆலையில கழிவுப் பலகை கிடக்கும், ரெண்டு அங்குலத் தடிப்பில, எண்பது துண்டு கொண்டா." அவன் போன பிறகு கோமளத்தைப் பார்த்தார். "நாளைக்கு நீ ஏத்துவாய்."

கோமளத்துக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உங்களுக்கு மூளை இரிக்கா? ரெண்டு ஆம்பிளையால ஏலாததை இடுப்பு முறிஞ்ச நான் தூக்கிறதா?"

"ஆள் இல்லையெண்டுதானே இதைச் செய்றம். இதை நிப்பாட்டவே நாலு ஆள் வேணுமெண்டா இது எனக்கு என்னத்துக்கு?" என்றார். "நீ தூக்காத. தொங்கு."

சனிக்கிழமை இடியப்பம் கடைக்குப் போன கையோடு தொடங்கினாள். முதல் வேலை, இரும்பைக் கட்டிலுக்குக் குறுக்கே ஒரு கல் அடுக்கிலிருந்து மற்றக் கல் அடுக்குக்குத் தள்ளுவது. வழியில் அவர் கிடக்கிறார்.

"காலுக்கு மேலால விடு. விழுந்தாலும் எனக்குத் தெரியா."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். அவருடைய முழங்காலுக்கு மேல் தலையணைகளை வைத்து, உருட்டுத்தடி போட்டு, விரல் விரலாகத் தள்ளினாள். இரும்பு மறுபக்கக் கல்லில் ஏறி உட்கார்ந்தபோது மணி ஒன்பது.

பிறகு அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். அலவாங்கின் நுனியை இரும்பின் ஒரு முனைக்குக் கீழே கொடுத்தாள். அதற்குக் கீழே ஒரு கட்டை வைத்தாள். மறு நுனியைப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் கீழே விட்டாள். இடியப்ப உரலில் மாவை வைத்துக் கைப்பிடிமேல் உடம்பைச் சாய்த்துப் பிழிவதும் இதுவும் ஒன்றுதான் என்று இரண்டாவது தரத்திலேயே அவளுக்குப் பிடிபட்டது. அதில் இடுப்புக்கு வேலையில்லை, பாரம்தான் வேலை செய்கிறது. இரும்பு இரண்டு அங்குலம் கிளம்பியது. அலவாங்கின் மேல் உட்கார்ந்தபடியே காலால் ஒரு பலகைத் துண்டைத் தள்ளினாள், பிறகு கையால் அதன் பக்கத்தில் இன்னொன்றை. அலவாங்கை விட்டாள். இரும்பு பலகையில் நின்றது. பிறகு கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் அதையே செய்தாள்.

"ஒரு பக்கம் ரெண்டு அடுக்கு வைக்காத. சரிஞ்சிடும். இந்தப்பக்கம் ஒண்டு, அந்தப்பக்கம் ஒண்டு."

"எத்தினை தரம்?"

"இருவது."

இருபது தரம் அந்தப்பக்கம், இருபது தரம் இந்தப்பக்கம். ஒவ்வொரு தரமும் அந்த இரும்பு அவருடைய உடம்புக்கு மேல்தான் நின்றது. பத்தாவது தரத்தில் கதிரைமேல் ஏறித் தொங்க வேண்டி வந்தது. பதின்மூன்றாவதில் ஒரு பலகை பிளந்து, இரும்பு டக்கென்று ஒரு விரல் இறங்கியது. அலவாங்கைப் போட்டுவிட்டு அவர் தலைமாட்டில் குந்தி, "என்னால ஏலாது, என்னைக் கொலைகாரி ஆக்காதீங்க" என்று வாய்விட்டு அழுதாள்.

அவர் அவள் தலையில் கை வைக்க எட்டினார், எட்டவில்லை. "கோமளம், நான் ஆஸ்பத்திரிக்குப் போமாட்டனெண்டு அடம்பிடிக்கயில்ல. போனா வரமாட்டனெண்டு எனக்குத் தெரியும், அவ்வளவுதான். நல்ல பலகையாப் பாத்து எடு. முடிச்சு விழுந்ததை எடுக்காத."

எழுந்தாள். பகல் சாப்பாடு இல்லை. பின்னேரம் இரண்டு மணிக்குத் தீராந்தி கூரைக்கு ஒரு கை இடைவெளியில் நின்றது. இரும்புக் கால்களை அதன் கீழே நகர்த்தி, ஜிப்ரி துளைத்து வைத்த துளைகளில் ஆணி கோத்து, நட்டை இறுக்கி, பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோல்போஸ்ட் நின்றது. கிரேனும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு பெண்பிள்ளையும் ஓர் அலவாங்கும். உதயரூபன் மேலே பார்த்தபடி, கலியாணம் கட்டின இருபத்தேழு வருடத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். "எனக்கு உன்னைப்போல ஒரு ஆள் மில்லில கிடைச்சிரிக்கணும்."

அந்தச் சந்தோசம் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

படங்குத் தொட்டிலை அவர் கீழே நுழைத்து, நாலு வளையத்தையும் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்தாள். கடகடவென்று ஏறியது. தோள் கிளம்பியது, தொடை கிளம்பியது. கொக்கி கப்பியில் போய் முட்டி நின்றது. இனி ஏறாது. குனிந்து பார்த்தாள். தோளும் தொடையும் ஆகாயத்தில், நடு இடுப்பு மட்டும் படங்கோடு தொய்ந்து மெத்தையில் குந்திக்கொண்டிருந்தது. புண் இருக்கிற இடம் எதுவோ அந்த இடம்தான்.

"என்ன?" என்றார் அவர். அவருக்கு எப்படித் தெரியும்?

"படுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கணக்கு எங்கே பிழைத்தது என்று அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. "இரும்பு தொய்யாது. மனிசன் தொய்வான். நான் என்னை எஞ்சினெண்டு நினைச்சு அளந்திட்டன்." ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த ஆனை சறுக்கினால் எழும்ப இடமில்லை. தீராந்தியை உயர்த்தக் கூரை விடாது. படங்கைச் சுருக்கிப் பார்த்தாள், கழுத்து மடிந்து அவருக்கு மூச்சு முட்டியது. மெத்தையை இழுத்து வெளியே எடுத்தாள். அப்போதும் இடுப்பு கட்டில் பலகையில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. படங்கில் ஒரு சிவப்புப் பொட்டு ஊறியது.

"சரி, இறக்கு. மிஸிக்குப் போன் எடு" என்றார்.

கோமளம் சங்கிலியைப் பிடித்தபடி கட்டிலைப் பார்த்தாள்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடும் கட்டிலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உதயரூபன் நட்டு இறுக்குகிற ஒரு சாவிப்பையோடு வந்தவர். கட்டில் கோமளத்தின் தாய் சீதனமாகக் கொடுத்தது, தாய்க்கு அவள் தாய் கொடுத்தது. முழு முதிரை மரம். கீழே நெல்மூட்டை அடுக்கலாம் என்று உயரமாகச் செய்த, கடைசல் பிடித்த நாலு கால். சுனாமி வந்தபோது வீடு போனது, கதவு போனது, அடுப்புக்கல்கூடப் போனது. முதிரை தண்ணீரில் மிதக்காது, ஆகவே கட்டில் மட்டும் கிடந்தது. வீட்டில் எத்தனையோ தட்டுப்பாடு வந்தும் உதயரூபன் தன் பெண்சாதியின் சீதனத்தில் ஒரு பித்தளைத் தட்டத்தைக்கூட விற்க விட்டதில்லை. "வந்து ஏறினவன் திண்டு அழிச்சான் எண்டு வரக்கூடா" என்பார். கட்டில் ஆர்த்திகாவுக்கு.

கோமளம் அவருடைய மரம் அறுக்கும் வாளை எடுத்துவந்தாள். கடைசல் காலில், குமிழுக்கு மேல், மணிக்கட்டுப் பருமனில் ஒரு கழுத்து இருந்தது. அதில் வாளை வைத்தாள்.

"என்ன செய்றாய்?"

"கோல்போஸ்ட்டை உசத்தேலாட்டி கட்டிலைப் பதிக்கிறன்."

"கோமளம்! வை வாளை! அது புள்ளைக்குரிய சாமான்!" அந்தத் தொட்டிலில் கிடந்து கையை வீசி, சங்கிலி ஆட ஆடக் கத்தினார். "நான் இந்த வீட்டுக்கு வந்து ஒண்டையும் அழிக்கயில்ல. சாகிற நேரத்தில அந்தப் பேரை எனக்குத் தராத. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன், கூப்பிடு, போறன்."

அவளுக்கு வந்த கோபம் இரண்டு வருடத்துக் கோபம். "ஆரிட கட்டில்?"

வீசின கையால் அவர் சங்கிலியைப் பிடித்தார்.

"சொல்லுங்க. ஆரிட கட்டில்?"

"உன்ட."

"ஓம், என்ட கட்டில். என்ட அம்மா எனக்குத் தந்தது. நான் அறுப்பன், எரிப்பன், வாவியில தூக்கிப் போடுவன். புருஷன் இல்லாத வீட்டில கட்டிலை வச்சு நான் பூசையா செய்றது?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டில் சட்டத்துக்குக் கீழே, காலோரமாக, கழற்றின பலகைத் துண்டுகளை இறுக அடுக்கினாள். தரையில் சப்பாணி கட்டி இருந்து அறுத்தாள். முதிரை இரும்புக்குத் தம்பி. மஞ்சள் தூள் மடியில் கொட்டியது, பழைய மரத்தின் வாசம் எழும்பியது. தாய் கலியாணத்துக்கு முதல்நாள் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தக் கழுத்தைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. அழுதபடியே அறுத்தாள். முதல் கால் டொக்கென்று விழுந்து உருண்டது. கட்டில் பலகை அடுக்கில் நின்றது. இரண்டாவது. மூன்றாவது கால் அறும்போது உள்ளங்கை கொப்பளித்து உடைந்துவிட்டது. நாலாவதை முந்தானையைச் சுற்றிக்கொண்டு அறுத்தாள்.

இனி இறக்க வேண்டும். அலவாங்கைத் தலைமாட்டு மூலையில் கொடுத்து ஒரு பலகையை உருவினாள். அந்த மூலை இரண்டு அங்குலம் பதிந்தது. அதே மூலையில் இன்னொன்றை உருவக் கை போனது.

"ஒரு மூலையில ரெண்டு எடுக்காத."

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிறகு?"

"கால்மாட்டுக்குப் போ. ஏத்தின மாதிரியே இறக்கு." கொஞ்சம் பொறுத்து, "தூக்காத. தொங்கு" என்றார்.

அவள் அந்த மூலைக்குப் போனாள். பிறகு அடுத்ததுக்கு. நாலு மூலையும் ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவருடைய கனம் முழுவதும் தீராந்தியில் இறங்கியது. இரும்பு ஒருதரம் முனகியது. செயின் புளொக் ஆடி நின்றது. கட்டில் கீழே போக, அவர் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்.

கோமளம் அலவாங்கை விட்டுவிட்டு முழங்காலில் இருந்து, அவர் இடுப்புக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள். கட்டில் பலகைக்கும் படங்குக்கும் நடுவே கை தட்டாமல் தடையில்லாமல் அந்தப்பக்கம் போனது. வெறும் காற்று. நாலு விரல் கனத்துக்குக் காற்று. யன்னலால் வந்த வாவிக் காற்று அந்த இடுக்கால் போய் அவளுடைய கொப்பளம் உடைந்த உள்ளங்கையில் பட்டுக் குளிர்ந்தது. கையைத் திருப்பி, புண்ணைத் தவிர்த்து, படங்கோடு சேர்த்து அவருடைய இடுப்பை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தாள்.

"படுதா?" என்று கேட்டார்.

"இல்ல. படயில்ல."

அறுந்த கால்கள் நாலும் வாசலடியில் கிடந்தன. பிறகு அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, அவள் தோள் தனக்குக் கீழே கட்டில் பலகையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார்.

"கையா வச்சிரிக்காய்?"

"ஓம்."

"எனக்குத் தெரியா" என்றார். "எண்டாலும் எடுத்துராத."